இடுப்பில் எடுத்துச் செல்லவும் சனிக்கிழமைகளில் குறிபார்த்துச் சுடவும்: முதல் செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டல் எது?

ப்ளேனோவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். டெக்சஸில், டாலஸுக்கு வடக்கே குடும்பத்தோடு வசிக்கிறேன். நானும் என் மைத்துனரும் சேர்ந்து ஒரு கேஸ் ஸ்டேஷனையும் அதை ஒட்டிய கடையையும் நடத்துகிறோம். வாரத்தில் நான்கு இரவுகள் கல்லாவைக் கணக்குப் பார்த்துப் பூட்டிவிட்டுப் பதினொன்றரை மணிக்குத் தனியாகத்தான் காருக்கு நடக்கிறேன். சென்ற ஆண்டு கிரீன் கார்டு கிடைத்தது. அதன் பிறகு நெடுநாள் யோசித்து, ஒரு கைத்துப்பாக்கி வாங்கி முறையாகப் பழகிக்கொள்வது என்று என் மனைவியும் நானும் முடிவு செய்திருக்கிறோம்.

கல்லூரி நாளில் என்.சி.சி. முகாமில் .22 ரைஃபிளைக் குப்புறப் படுத்துச் சுட்டதோடு சரி. பிஸ்டலைக் கையால் தொட்டதில்லை. தினமும் சட்டைக்குள் மறைத்து எடுத்துச் செல்ல வேண்டும், சனிக்கிழமைகளில் சுடுதளத்துக்குப் போய் மகிழ்ச்சியாகச் சுடவும் வேண்டும், இரண்டுக்கும் ஒரே துப்பாக்கி போதும் என்று நினைக்கிறேன். கடையில் கேட்டபோது உள்ளங்கைக்குள் அடங்கும் மிகச் சிறிய பிஸ்டல் ஒன்றைக் காட்டினார்கள். மைத்துனர் .45 தோட்டா போடும் 1911 வகையைத்தான் வாங்க வேண்டும் என்கிறார். நண்பர் ஒருவர் கிளாக் 19 என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். எல்லாம் சேர்த்து 800 டாலர் வரை செலவிட முடியும். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

வைகைக்கரை எழுதியது:

வணக்கம் தம்பி. அவசரப்படாமல் முதலில் கேட்டீர்களே, அதுவே நல்ல தொடக்கம். நான் ஹூஸ்டனில் பன்னிரண்டு ஆண்டுகளாகச் சுட்டு வருகிறேன். புதிதாக வருபவர்கள் பலருக்குச் சுடுதளத்தில் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்தும் இருக்கிறேன்.

நீங்கள் சொன்ன இரண்டு தேவைகளும் ஒன்றையொன்று எதிர்த்திசையில் இழுப்பவை. நாள் முழுவதும் இடுப்பில் இருக்க வேண்டிய துப்பாக்கி சிறியதாகவும் எடை குறைந்ததாகவும் இருக்க வேண்டும். மகிழ்ச்சிக்காக நூறு நூற்றைம்பது தோட்டா சுடுவதற்கு உரிய துப்பாக்கியோ சற்று நீளமாகவும் கனமாகவும் இருந்தால்தான் கை நோகாது. காரணம் எளிது. ஒரே தோட்டாவை எடை குறைந்த துப்பாக்கியில் போட்டால் உதைப்பு முழுவதும் உங்கள் மணிக்கட்டுக்கு வருகிறது. கனமான துப்பாக்கி அதில் ஒரு பங்கைத் தானே வாங்கிக்கொள்கிறது. அதோடு, குட்டையான பிஸ்டலில், குறிபார்க்க உதவும் முன் குறிமுள்ளுக்கும் பின் குறிமுள்ளுக்கும் இடையே உள்ள தூரம் குறைவு என்பதால், முள் மயிரிழை விலகினாலும் இலக்கில் அது விரற்கடைக் கணக்கில் விலகித் தெரியும்.

எண்களைப் பாருங்கள். 2018-இல் வந்த சிக் சவர் பி365 என்ற சிறிய பிஸ்டலின் குழல் 3.1 அங்குலம், காலியாக ஏறக்குறைய அரைக் கிலோ, தோட்டாக்களை அடுக்கிப் பிடிக்குள் செருகும் மேகசினில் 10 தோட்டா. 1988-இலிருந்து இருந்துவரும் கிளாக் 19-இன் குழல் 4 அங்குலம், மேகசினில் 15 தோட்டா. நிரப்பினால் எடை 850 கிராமை ஒட்டி வரும். உங்கள் மைத்துனர் சொல்லும் முழு அளவு 1911 இரும்புத் துப்பாக்கி காலியாகவே ஒரு கிலோவைத் தாண்டிவிடும். இந்த மூன்றுக்கும் நடுவில் இருப்பதைத்தான் காம்பாக்ட் என்கிறார்கள். முதல் துப்பாக்கிக்கு அந்த நடு அளவையே நான் எப்போதும் சொல்கிறேன்.

தோட்டா எது என்பதில் தயங்க வேண்டியதில்லை: 9 மி.மீ. ஒரு காலத்தில் .40 தோட்டாவுக்கு மாறியிருந்த எஃப்.பி.ஐ. கூட 2010-களின் நடுவில் 9 மி.மீ.க்கே திரும்பிவிட்டது. உதைப்பு குறைவு, விலை குறைவு, எந்தக் கடையிலும் கிடைக்கும்.

கொங்குநாடன் எழுதியது:

1911 மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜான் பிரவுனிங் வடிவமைத்து, 1911-இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்டு, 1985-இல் பெரெட்டா பிஸ்டல் வரும் வரை அதிகாரப்பூர்வமாக நிலைத்து நின்ற துப்பாக்கி அது. அதன் டிரிகர் நேராகப் பின்னோக்கி, கண்ணாடித் துண்டு முறிவதைப் போலச் சுத்தமாக விடுபடும். அந்தச் சுகத்தை வேறு எதிலும் நான் கண்டதில்லை.

ஆனாலும் முதல் துப்பாக்கியாக அதை வாங்காதீர்கள். பின்புறம் உள்ள சுத்தியலை முழுவதும் பின்னிழுத்து, டிரிகர் வேலை செய்யாமல் தடுக்கும் பாதுகாப்பு நெம்பைப் போட்ட நிலையில்தான் அதை இடுப்பில் வைத்திருப்பார்கள். எடுக்கும்போது அந்த நெம்பைக் கட்டைவிரல் தானாகவே கீழே தள்ளும் அளவுக்குப் பழகியிருக்க வேண்டும். கழற்றித் துடைப்பதும் புதியவருக்குச் சிரமம். .45 தோட்டாவின் விலையும் கூடுதல். ஐந்து ஆண்டுகள் கழித்து, சுடுதளத்துக்கென்றே ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

ராலேவாசி எழுதியது:

துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்கும் முன் சட்டத்தைப் பற்றிச் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் நம்மவர்கள் தெரியாமலேயே தவறு செய்யும் இடம் இதுதான். நான் வழக்கறிஞர் அல்லன். உங்கள் நிலைமைக்கு உரிய ஆலோசனையை முறையாகப் பெற்றுக்கொள்ளுங்கள்.

கிரீன் கார்டு உள்ளவர் மற்றத் தகுதிகள் இருந்தால் கூட்டாட்சிச் சட்டப்படி துப்பாக்கி வாங்கலாம். எச்1பி, எஃப்1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. மாநிலம் வழங்கிய நடப்பு வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. சுடுதளத்தில் ஒரு மணி நேரத்துக்கு வாடகைக்கு எடுத்துக் கையில் பிடிப்பதும் இந்தத் தடைக்குள் அடங்கும். வார இறுதியில் அலுவலக நண்பர்களை விளையாட்டாகச் சுடுதளத்துக்கு அழைத்துச் செல்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். ஒரு மாலைப் பொழுது விசாவுக்கே வினையாக முடியலாம். ப்ளேனோவாசி, உங்கள் மனைவிக்கும் கிரீன் கார்டு வந்துவிட்டதா?

அடுத்தது, உரிமம். டெக்சஸில் 2021 செப்டம்பர் 1 முதல், தகுதியுள்ள 21 வயது நிரம்பியவர்கள் உரிமம் இல்லாமலேயே கைத்துப்பாக்கியை எடுத்துச் செல்லலாம் என்பது உண்மை. அப்படியிருந்தும் மாநில உரிமத்தை வாங்கிவிடுங்கள். பள்ளி வளாகத்திலிருந்து 1,000 அடிக்குள் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடுக்கும் கூட்டாட்சிச் சட்டம் ஒன்று இருக்கிறது. அந்த மாநிலத்தின் உரிமம் பெற்றவருக்கு அதில் விலக்கு உண்டு, உரிமம் இல்லாமல் எடுத்துச் செல்பவருக்கு அந்த விலக்கு இல்லை. கடையிலிருந்து வீட்டுக்குப் போகும் வழியில் எத்தனை பள்ளிகளைக் கடக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

ப்ளேனோவாசி எழுதியது:

மிக்க நன்றி அண்ணா. மனைவிக்கும் என்னோடு சேர்ந்தே கிரீன் கார்டு வந்துவிட்டது. ஆனால் அடுத்த வாரம் எங்களோடு சுடுதளத்துக்கு வருவதாக இருந்த நண்பர் எச்1பி விசாவில் இருப்பவர். இந்தப் பதிவைப் படித்தவுடன் அவரை அழைத்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவருக்கும் இது தெரிந்திருக்கவில்லை. வழியில் இரண்டு பள்ளிகள் இருக்கின்றன. உரிம வகுப்பில் சேரப் போகிறேன்.

மரகதம் எழுதியது:

மனைவியும் பழகப் போகிறார் என்று எழுதியிருந்ததால் சொல்கிறேன். ஆஸ்டினில் நான் முதல் துப்பாக்கி வாங்கப் போனபோது, பெண் என்பதைப் பார்த்த உடனேயே கடைக்காரர் மிகச் சிறிய ஒன்றை எடுத்து நீட்டினார். கைப்பைக்குள் அடங்கியது, பார்க்க அழகாகவும் இருந்தது, வாங்கிவிட்டேன். முதல் நாள் பதினெட்டாவது தோட்டாவிலேயே கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே உள்ள தோல் சிவந்து எரியத் தொடங்கியது. சுண்டுவிரல் பிடியில் நிற்க இடமில்லாமல் காற்றில் தொங்கியது. அதைவிட வருத்தம் என்னவென்றால், அடுத்த ஐந்து மாதங்களில் நான் சுடுதளத்துக்குப் போனது இரண்டே முறை. பழகப் பிடிக்காத துப்பாக்கியை இடுப்பில் வைத்துக்கொண்டு நடப்பதில் என்ன பாதுகாப்பு இருக்கிறது? கடைசியில் அதைப் பாதி விலைக்கு விற்றேன்.

ஸ்லைடை, அதாவது துப்பாக்கியின் மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதியை, பின்னிழுப்பதும் இதில் சேர்ந்தது. துப்பாக்கி சிறுக்கச் சிறுக்க ஸ்லைடின் எடை குறைகிறது. அந்தக் குறையை ஈடுகட்ட உள்ளே இருக்கும் சுருள்வில்லை இறுக்கமாக வைக்கிறார்கள். ஆகவே சிறிய பிஸ்டல்களில் பலவற்றை இழுப்பதுதான் கடினம். பலம் போதவில்லை என்று பெண்கள் கடையிலேயே கைவிட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் குறை முறையில்தான் இருக்கிறது. துப்பாக்கியை நெஞ்சுக்கு அருகில் கொண்டு வந்து, முனை எப்போதும் இலக்கின் பக்கமே இருக்க, இடது கையின் நான்கு விரல்களாலும் ஸ்லைடை மேலிருந்து கவ்விப் பிடித்து, அதை இழுப்பதற்குப் பதில் வலது கையால் துப்பாக்கியை முன்னால் தள்ளச் சொல்லுங்கள். அப்படியும் வரவில்லை என்றால் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் ஷீல்டு ஈஸி என்று ஒன்று இருக்கிறது. எளிதாக இழுப்பதற்கென்றே வடிவமைத்தது, 9 மி.மீ.யில் 8 தோட்டா கொள்ளும். என் அம்மாவின் வயதில் இருப்பவர்களும் அதை இழுப்பதைப் பார்த்திருக்கிறேன்.

கடையில் கையில் எடுத்துப் பார்த்து முடிவு செய்துவிடாதீர்கள். சுட்டுப் பார்க்காமல் எதுவும் தெரியாது. வாடகைக்குக் கொடுக்கும் சுடுதளத்தில் மூன்று நான்கை எடுத்து, ஒவ்வொன்றிலும் குறைந்தது முப்பது தோட்டாவாவது சுடுங்கள்.

ப்ளேனோவாசி எழுதியது:

அக்கா, உங்கள் பதிவை மனைவிக்குப் படித்துக் காட்டினேன். கடையில் அவருக்கும் இதேதான் நடந்தது.

இன்னொரு ஐயம். கிளாக் போன்றவற்றில் கையால் போட்டு எடுக்கும் பாதுகாப்பு நெம்பு இல்லை என்கிறார்கள். வீட்டில் ஆறு வயதுக் குழந்தை இருக்கிறது. குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறையில் தோட்டா ஏற்றிய நிலையில், நெம்பும் இல்லாத துப்பாக்கியை வயிற்றுப் பக்கம் செருகிக்கொள்வதை நினைத்தாலே அச்சமாக இருக்கிறது. அறையைக் காலியாக வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது ஸ்லைடை இழுத்துக்கொண்டால் போதாதா?

வைகைக்கரை எழுதியது:

அச்சம் இருப்பது நல்லது, தம்பி. அது இல்லாதவர்களைக் கண்டால்தான் நான் விலகி நிற்பேன்.

கிளாக் போன்ற துப்பாக்கிகளில் பாதுகாப்பு உள்ளேயே இருக்கிறது. டிரிகரின் நடுவில் ஒரு சிறு நாக்கு தெரியும்; விரல் அதை நேராக அழுத்தினால் ஒழிய டிரிகர் பின்னே போகாது. டிரிகர் முழுவதும் பின்னே போனால் ஒழிய, தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் ஊசியைத் தடுக்கும் தடை விலகாது. கீழே விழுந்தால் வெடிக்காமல் இருப்பதற்கான ஏற்பாடு இது. ஆனால் டிரிகரை எது அழுத்துகிறது என்பதை அது அறியாது. விரலும் ஒன்றுதான், சட்டையின் நுனியும் ஒன்றுதான். ஆகவே இத்தகைய துப்பாக்கிக்கு உறைதான் பாதுகாப்பு நெம்பு. டிரிகர் வளையத்தை முழுவதும் மூடும், அழுத்தினாலும் வளையாத கைடெக்ஸ் என்ற கெட்டி நெகிழி உறை வேண்டும். உறைக்குள் திரும்ப வைக்கும்போது யாரும் உங்களை விரட்டவில்லை என்பதை நினைவில் வையுங்கள்: சட்டையை நன்றாகத் தூக்கிப் பிடித்து, உறையின் வாயைக் கண்ணால் பார்த்து, மெதுவாக இறக்குங்கள். உறை இல்லாமல் வெறும் இடுப்பில் செருகுவது கூடவே கூடாது.

காலி அறையோடு எடுத்துச் செல்வது பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. ஆபத்து நேரத்தில் இரண்டு கைகளும் உங்களிடம் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஒரு கை கதவைத் தள்ளிக்கொண்டிருக்கலாம், பக்கத்தில் இருப்பவரைப் பிடித்திருக்கலாம். அதனால் நான் அறையில் ஏற்றியே எடுத்துச் செல்கிறேன்.

மரகதம் எழுதியது:

அண்ணன் சொன்ன காரணம் சரி. ஆனால் புதியவருக்கு அதை முதல் நாளே சொல்வதை நான் ஏற்கவில்லை. முதல் மாதம் சுடுதளத்தில் மட்டும் பழகட்டும். பிறகு காலி அறையோடு வீட்டுக்குள் சில வாரங்கள் உறையை அணிந்து நடக்கட்டும். உட்கார்ந்து, குனிந்து, குழந்தையைத் தூக்கிப் பார்த்து, மாலையில் டிரிகர் அசையாமல் இருப்பதைத் தன் கண்ணாலேயே கண்ட பிறகு நம்பிக்கை தானாக வரும். நெம்பு இருந்தால்தான் மனம் அமைதியாகும் என்றால், நெம்போடு வரும் பி365-உம் இருக்கிறது, ஷீல்டு வகையிலும் இருக்கிறது. ஆனால் நெம்புள்ளதை வாங்கினால், ஒவ்வொரு முறை எடுத்துப் பழகும்போதும் அதைத் தள்ளிப் பழக வேண்டும்.

குழந்தையைப் பற்றி ஒன்று. இடுப்பில் இல்லாத நேரம் முழுவதும் அது பூட்டிய பெட்டிக்குள் இருக்க வேண்டும். அலமாரியின் மேல்தட்டு, துணிக்கு அடியில், காரின் முன்பெட்டி, இவை எதுவும் பூட்டு ஆகாது. 17 வயதுக்குக் குறைந்தவர் கைக்கு எட்டும்படி ஏற்றிய துப்பாக்கியைப் பாதுகாப்பின்றி விட்டுவைத்து, அது அவர் கைக்குப் போய்விட்டால் டெக்சஸில் குற்றமும் ஆகும். அந்த 800 டாலரில் முதலில் பெட்டிக்கான தொகையை எடுத்து வையுங்கள். மற்றக் கணக்கெல்லாம் அதற்குப் பிறகு.

கொங்குநாடன் எழுதியது:

இவர்கள் இருவரும் சொல்லாத ஒரு வழியையும் சொல்லி வைக்கிறேன். மகிழ்ச்சியாகச் சுடுவதுதான் நோக்கத்தில் பாதி என்றால், .22 தோட்டா போடும் ருகர் மார்க் 4 போன்ற இலக்குப் பிஸ்டலிலிருந்து தொடங்கலாம். உதைப்பு கிட்டத்தட்ட இல்லை, தோட்டா விலையும் வெகு குறைவு, உடல் அதிர்ச்சிக்குச் சுருங்காமல் டிரிகரைப் பிழியும் பழக்கம் கைக்கு வரும். ஆனால் அதை இடுப்பில் எடுத்துச் செல்ல முடியாது என்பதால் இரண்டு துப்பாக்கிக்குச் செலவாகும். பணம் ஒன்றுக்குத்தான் என்றால் வைகைக்கரை அண்ணன் சொன்னதே சரி. .22-ஐச் சுடுதளத்தில் வாடகைக்கு எடுத்து, ஒவ்வொரு முறையும் முதல் இருபது தோட்டாவை அதில் சுட்டுவிட்டு 9 மி.மீ.க்குப் போங்கள்.

ப்ளேனோவாசி எழுதியது:

நேற்று நாங்கள் இருவரும் சுடுதளத்துக்குப் போய் வந்தோம். ஒரு பயிற்சியாளரை இரண்டு மணி நேரத்துக்கு அமர்த்திக்கொண்டோம். நடந்ததை விரிவாக எழுதுகிறேன். என்னைப் போல் தொடங்குபவர் எவருக்காவது பயன்படும்.

காதுக்குள் அடைப்பானும் அதன் மேல் காதுமூடியும் போட்டிருந்தும், பக்கத்துப் பாதையில் யாரோ சுட்ட முதல் வெடி நெஞ்சில் தட்டியது. மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். பயிற்சியாளர் அவசரப்படுத்தாமல் ஐந்து நிமிடம் எங்களை அந்த ஓசைக்குப் பழகவிட்டார். பிறகு தோட்டா இல்லாமலேயே துப்பாக்கியைக் காலி செய்யும் வரிசையைப் பத்து முறை செய்யச் சொன்னார்: முதலில் மேகசினை எடு, அதன் பிறகே ஸ்லைடை இழு, அறைக்குள் கண்ணால் பார், சுண்டுவிரலை விட்டும் தடவிப் பார். வரிசையை மாற்றி முதலில் ஸ்லைடை இழுத்தால், வெளியே போன தோட்டாவின் இடத்துக்கு மேகசினிலிருந்து இன்னொன்று ஏறிவிடும். அதன் பிறகு மேகசினை எடுத்துவிட்டுக் காலி என்று நம்பியதால் நேர்ந்த விபத்துகள் உண்டு என்று அவர் சொன்னபோது கை சில்லிட்டது.

மூன்று எடுத்தோம்: கிளாக் 19, பி365, ஷீல்டு ஈஸி. இலக்கை 5 கஜத்தில் நிறுத்தினோம். பி365 என் கையில் துள்ளியது. முப்பது தோட்டாவும் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குச் சிதறிக் கிடந்தன. கிளாக் 19-இல் அது உள்ளங்கை அளவுக்குச் சுருங்கியது. ஆனால் இரண்டிலும் பெரும்பாலானவை நடுவுக்குக் கீழே, இடப்பக்கமாகவே விழுந்தன. குறிமுள் கோணலோ என்று கேட்டேன். பயிற்சியாளர் பதில் சொல்லாமல் மேகசினை வாங்கி, மெய்த் தோட்டாக்களுக்கு நடுவே நெகிழி மாதிரித் தோட்டா ஒன்றை நான் பார்க்காமல் போட்டுத் தந்தார். நான்காவது முறை டிரிகரை அழுத்தியபோது வெடிக்கவில்லை. வெடிக்காத துப்பாக்கியின் முனையோ ஓர் அங்குலம் கீழே குத்திட்டது. உதைப்பு வருமுன்பே அதை அடக்க என் கை தானாகக் கீழே அழுத்தியிருக்கிறது. என் குறையை இவ்வளவு தெளிவாக வேறு எதுவும் எனக்குக் காட்டியதில்லை.

மனைவிக்கு கிளாக் 19-இன் ஸ்லைடு மரகதம் அக்கா சொன்ன முறையில் மூன்றாம் முயற்சியில் வந்துவிட்டது. ஆனால் பிடி பருமனாக இருப்பதால் ஆள்காட்டி விரலின் நுனி மட்டும்தான் டிரிகரைத் தொட்டது. ஷீல்டு ஈஸிதான் அவர் கையில் பொருந்தி அமர்ந்தது. என்னைவிட அவர் நன்றாகச் சுட்டார்.

வைகைக்கரை எழுதியது:

படித்து மகிழ்ந்தேன் தம்பி. கீழே இடப்பக்கம் விழுவது வலக்கைக்காரர் பலருக்கும் தொடக்கத்தில் வருவதுதான். வீட்டில், தோட்டா எதுவும் வைக்காத ஓர் அறைக்குள் இருந்து, துப்பாக்கி காலி என்பதை இருமுறை பார்த்துவிட்டு, முன் குறிமுள்ளின் மேல் ஒரு சில்லறைக் காசை வைத்து, அது விழாமல் டிரிகரைப் பிழிந்து பழகுங்கள். நாளுக்குப் பத்து நிமிடம் போதும்.

கிளாக்கைக் கழற்றும்போது டிரிகரை ஒருமுறை அழுத்தித்தான் ஆக வேண்டும் என்பதையும் இப்போதே சொல்லி வைக்கிறேன். அதனால்தான் அந்தக் காலி செய்யும் வரிசை உங்களுக்கு இன்னும் முக்கியம். ஸ்மித் அண்டு வெஸ்ஸன் எம் அண்டு பி வகையிலும் பி365-இலும் டிரிகரைத் தொடாமலேயே கழற்றலாம்.

உரிமத் தேர்வைப் பற்றிக் கவலை வேண்டாம். 50 தோட்டா: 3 கஜத்தில் 20, 7 கஜத்தில் 20, 15 கஜத்தில் 10. 250 புள்ளிக்கு 175 எடுத்தால் தேர்ச்சி. இன்று உள்ளங்கை அளவில் சுடுபவருக்கு அது எட்டாத கனி அல்ல.

ராலேவாசி எழுதியது:

வீட்டுக்கு வந்தவுடன் குழந்தையைத் தூக்குவதற்கு முன் கையையும் முகத்தையும் சோப்புப் போட்டுக் குளிர்ந்த நீரில் கழுவி, உடை மாற்றிக்கொள்ளுங்கள். மூடிய சுடுதளங்களில் ஈயத் துகள் உடையில் படியும்.

ப்ளேனோவாசி எழுதியது:

கழுவிக்கொண்டுதான் தூக்கினேன் அண்ணா. பயிற்சியாளரும் இதையே சொல்லி அனுப்பினார்.

நேற்று மாலை முடிவு செய்தோம். பயன்படுத்திய, நல்ல நிலையில் உள்ள கிளாக் 19 ஒன்று 430 டாலருக்குக் கிடைத்தது. படிவத்தை நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்து வாங்கிவிட்டேன். விரலால் தட்டித் திறக்கும் பூட்டுப் பெட்டிக்கு 130, டிரிகரை முழுவதும் மூடும் கைடெக்ஸ் உறைக்கும் விறைப்பான இடுப்புப் பட்டைக்கும் சேர்த்து 120, பயிற்சித் தோட்டா நான்கு பெட்டிக்கு 60 ஆயிற்று. மீதியை உரிம வகுப்புக்கு வைத்திருக்கிறேன். மனைவிக்கு ஷீல்டு ஈஸியைத் தீபாவளிக்கு வாங்கலாம் என்று பேசியிருக்கிறோம். அதுவரை அவர் சுடுதளத்தில் அதையே வாடகைக்கு எடுப்பார். மைத்துனர் கடையில் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, அடுத்த சனிக்கிழமை தானும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் குடியுரிமை பெற்றவர்தான். கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

நேற்றிரவு முன் குறிமுள்ளில் காசை வைத்து இருபது முறை டிரிகரைப் பிழிந்தேன். பதினோரு முறை விழுந்தது. உறையை இடுப்பின் முன்பக்கம் வைப்பதா, வலது இடுப்பெலும்புக்குப் பின்னே வைப்பதா என்பதுதான் இப்போதைய கேள்வி. காரில் உட்காரும்போது பின்பக்கம் இருக்கையில் குத்துகிறது.

மரகதம் எழுதியது:

இருபதுக்கு ஒன்பது முதல் இரவுக்கு மிக நல்ல கணக்கு. உறை எந்தப் பக்கம் என்பதற்கு, இரண்டு இடத்திலும் மும்மூன்று நாள் காலி அறையோடு வீட்டுக்குள் அணிந்து பார்த்துவிட்டு எழுதுங்கள். உங்கள் உயரத்தையும் காரில் எத்தனை நேரம் உட்காருகிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால், அதற்கு ஏற்றபடி பார்க்கலாம்.